சாத்தூர் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி

தம்பி, இந்தக் கடிதத்தோடு சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலமும் வருகிறது. வெள்ளிக்கிழமை சாத்தூர் பஸ்ஸில் உன் அம்மா கொண்டுவந்து தருவாள். அதை உடனே பிரிக்காதே. முதலில் இதை உட்கார்ந்து முழுசாகப் படி, அப்புறம் பிரி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே மிஷினை ஓட விடுகிறாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. உன் அம்மாவோடு குடித்தனம் நடத்தியதைவிட அந்தச் சத்தத்தோடு நான் நடத்திய குடித்தனம் அதிகம்.

விஷயம் உன் வீட்டுச் சுவரில் இருக்கிற ஓர் ஆணியைப் பற்றியது. நீயும் எஸ்தரும் குடிபோகிற வீட்டைப் பார்க்க நான் போன மாதம் வந்தேன் அல்லவா, அப்போது வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே தெரிகிற சுவரில் ஒரே ஓர் ஆணி. கனமான எதையோ தாங்குவதற்கென்றே அடித்த பெரிய ஆணி. நீ பால் வாங்கப் போயிருந்தாய். உன் மாமனாரிடம் இது எதற்கு என்று கேட்டேன். "மாப்ளை இன்னும் ஒண்ணும் சொல்லல சம்பந்தி. என் மூஞ்சிய மரத்துல அறுத்து மாட்டப் போறாகளோ என்னமோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் புது வீட்டு ஜெபம். போதகர் வருவார், இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரும், வருகிற அத்தனை பேர் கண்ணும் முதலில் அந்தச் சுவரில்தான் விழும். அந்த ஆணியில் எது தொங்க வேண்டும் என்பதில் எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமை, தம்பி. தகப்பனுக்குப் பிள்ளைமேல் பொறாமை வருமா என்று உலகத்தில் யாரும் கேட்டுப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. வரும். எனக்கு வந்தது. உன்மேல் வந்தது, உன் மாமனார்மேல் வந்தது, சொன்னால் சிரிப்பாய், உன் அம்மாமேலும் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருந்தால் வயிறு எரிகிறது.

நீ பிறந்ததிலிருந்து பார்த்த தொழில்தான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போதெல்லாம் அது உனக்கு மறந்துபோன மாதிரிப் பேசுகிறாய். நான் பட்டாசுப் பெட்டிக்கு டை செய்கிறவன். ஒட்டுப்பலகையில் பெட்டியின் விரிப்பை வரைந்து, ஜிக்சா மிஷினில் கோடு பிசகாமல் அறுத்து, அறுத்த கோட்டுக்குள் எஃகு பிளேடை அடித்து இறக்குவேன். அந்தப் பலகையை வைத்து அச்சான அட்டையை அமுக்கினால் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டு விழும், மடிக்க வேண்டிய இடத்தில் மடிப்பு விழும். தீபாவளிக்கு எந்தெந்த ஊரிலோ பிள்ளைகள் கம்பி மத்தாப்புப் பெட்டியைத் திறக்கும்போது அந்த மூடி என் கோட்டில்தான் திறக்கிறது. மறுநாள் காலையில் அது தெருவில் கிடக்கும், கூட்டிப் பெருக்கிக் கொண்டுபோவார்கள். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டவன் இல்லை. நீ அந்த மர முண்டைத் தூக்கிக்கொண்டு வருகிற வரைக்கும் இல்லை.

ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஒரு வாகை மரம் விழுந்து கிடந்ததே, அதன் உடம்பில் கட்டி மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்ற முண்டை வெட்டி, டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்து, கால் ஊன்ற இடமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தாய். சீசன் நேரம். எம். புதுப்பட்டி கம்பெனிக்காரன் டைக்காகக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். "ஏலே, வெறகு பொறுக்கவா ஒன்னையப் படிக்க வச்சோம்?" என்று அவன் எதிரிலேயே கத்தினேன். நீ அப்படியே வண்டியைத் திருப்பினாய். மில்லுக்குக் கொண்டுபோய் அதைக் கனமான பலகைகளாக அறுத்து வாங்கி வந்தாய். உள்ளே ரேகை ஒரு திசையில் ஓடாமல், பொங்குகிற பாலை அப்படியே நிறுத்திவைத்த மாதிரி சுழன்று சுழன்று கிடந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

நமது மிஷினில் பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஓடும், மரத்தைத்தான் கையால் திருப்ப வேண்டும். ஒட்டுப்பலகை அதற்குச் சொன்னபடி கேட்கும். அந்தக் கனத்து முண்டு கேட்காது. சீசனுக்காக வாங்கி வைத்திருந்த பிளேடை எல்லாம் ஒடித்தாய். நானும் விடாமல் திட்டினேன். கடைசியில் ஒரு நாள் பார்த்தால், பலகையில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நிற்கிறது. மரத்தில் இயல்பாக இருந்த கண் மாதிரியான ஒரு சுழியையே கொக்குக்குக் கண்ணாக்கியிருந்தாய். மடிப்புக் கோடு சரியில்லை என்று என்னோடு சண்டை போட வந்த பிரஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். வந்த சண்டையை மறந்துவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார். என் பையன் என்று சொன்னேன். வாய் பெருமையாகத்தான் சொன்னது. நான் செய்த டையை அவர் ஒரு நாளும் அப்படிக் கையில் ஏந்திப் பார்த்ததில்லை.

அவர் போனதும் நான் கொக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். டைக்காரன் எதையும் பின்பக்கம்தான் பார்ப்பான். முன்பக்கத்தில் கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பிளேடு சாய்ந்திருந்தால் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். உன் கொக்கின் கால் பின்பக்கத்தில் சாய்ந்திருந்தது. சாய்ந்திருக்கிறது என்று சொன்னேன். நீ அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாய். அது சாய்ந்துதான் இருந்தது, தம்பி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் மரத்தில் உன் அம்மாவின் முகத்தை அறுத்தாய். ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்புகிற கோலத்தில், வெள்ளைச் சேலையும் வாரி முடிந்த கொண்டையுமாக. அதை நம் வீட்டு முன்னறையில் மாட்டினாய். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நிற்கிறார்கள். உன் அம்மா தினமும் அதற்குத் தூசி தட்டுகிறாள், தட்டும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தன்னையே பார்த்துக்கொள்கிறாள். எத்தனை வருஷம் அவள் கைச் சோற்றைத் தின்றிருக்கிறேன், அவள் அப்படித் தலை சாய்ப்பாள் என்பதை உன் மரத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். சர்ச்சுக்குத் திராட்சைக்கொடி அறுத்துக் கொடுத்தாய். டீக்கடைக்காரர் கேட்டார் என்று அவர் வளர்க்கிற சேவலை அறுத்துக் கொடுத்தாய். சேவல், தம்பி. சேவலுக்கு வந்த யோகம் எனக்கு வரவில்லை.

அதற்குள் நாலு வழிச் சாலை போடுவதற்காக நெடுஞ்சாலைப் புளியமரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். செங்கல் சூளைக்குப் போக வேண்டிய முண்டுகளை உன் மாமனார் தன் மரடிப்போவில் தனியாக ஒதுக்கி வைக்கிறார் என்று கேள்விப்பட்டு நீ சாத்தூருக்குப் போனாய். போனவன் போனவன்தான். முண்டு பார்க்கப் போகிறேன் என்பாய், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவாய். எஸ்தர் டிப்போ ஆபீசில் பில் போடுகிறாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண் கேட்டுப் போன அன்று எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து, "மாமா, நீங்க காபியில சீனி கம்மியாத்தான குடிப்பீக?" என்று கேட்டாள். நீ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னைப் பற்றியும் நீ எங்கேயோ யாரிடமோ பேசியிருக்கிறாய் என்று அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவர்கள் வீட்டு ஹாலில் தொங்கியதே அந்தப் புளியமரச் சாலை! அந்தச் சாலையில் வெட்டிய மரத்தின் முண்டிலேயே அந்தச் சாலையை அறுத்திருந்தாய். உள்வைரத்தின் கறுப்பை மரங்களுக்கும் வெளிமரத்தின் வெளுப்பை வெயிலுக்கும் விட்டு, நடுவில் ஒரு லாரி. நிச்சயத்துக்கு வந்தவர்கள் தாம்பூலத்தைக்கூட மறந்துவிட்டு அதைப் பார்த்தார்கள். "நம்ம மாப்ளை கை" என்று உன் மாமனார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நம்ம மாப்ளை. அந்தக் கையைப் பிடித்து மிஷினில் வைத்தவன் நான், விரலை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவன் நான், ஓரத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறேன். சர்ச்சில் உங்கள் கல்யாண ஓலை வாசித்தபோது, இவர்கள் சேருவதற்குத் தடை ஏதும் உண்டென்றால் தெரிவிக்கலாம் என்று போதகர் வாசிப்பாரே, அப்போது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. பெண்ணைப் பற்றித் தடை இல்லை, பெண்ணின் அப்பாவைப் பற்றி ஒரு சின்னத் தடை உண்டு என்று சொல்லியிருப்பேன். உன் அம்மா என் முழங்காலில் கை வைத்தாள். அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பொறாமையைக் கோபம் என்று பெயர் மாற்றிச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவரோ தங்கமான மனுஷன். உன்னைச் சாத்தூருக்கே வரவழைத்து, டிப்போவுக்குப் பின்னால் ஷெட் போட்டு, வீடும் ஒழித்துக் கொடுத்தார். என் பழைய மிஷினை நீ எடுத்துக்கொண்டு போ என்று சொல்லலாம் என நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் வெளிநாட்டு மிஷின் ஒன்றை இறக்கிவிட்டார். சத்தம் ரொம்பக் குறைவாமே அதில். சத்தம் அடங்கின மிஷினில் பிளேடு திணறுவது காதுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பொறாமை என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். பொறாமைதான்.

உன் கல்யாணம் முடிந்த பிற்பாடு ஒரு நாள் உன் அம்மாவிடம் கேட்டே விட்டேன். எல்லார் முகத்தையும் அறுக்கிறான், என் முகத்தில் மட்டும் அவனுக்கு என்ன கோளாறு தெரிகிறது என்று. அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். அவளும் இதை உன்னிடம் கேட்டாளாம். நீ சொன்னது இவ்வளவுதானாம்.

"அப்பா திருப்பிப் பாப்பாகம்மா."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அன்று சாத்தூரில் ஒரு வேலை என்று கடைப் பையன்களிடம் சொல்லிவிட்டு, நீ மதுரைக்குப் போயிருக்கிறாய் என்பது தெரிந்தே, நேராக உன் மாமனார் டிப்போவுக்கு வந்தேன். மிஷினுக்கு அடிக்கட்டை வேண்டும், ஒரு முண்டுத் துண்டு இருந்தால் கொடுங்கள் என்று அவரிடம் பொய் சொன்னேன். யாரிடம் கையேந்தக் கூடாது என்று இருந்தேனோ அவரிடமே. அடிக்கட்டைக்கு யாராவது புளிய முண்டு கேட்பார்களா? அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துபோய், காய்ந்த பலகையாகப் பார்த்து, சரியாக ஒரு முகம் அடங்குகிற அளவில் ஒன்றை எடுத்துவந்து துடைத்துக் கொடுத்தார். "மாப்ளைகிட்ட நான் ஒண்ணும் சொல்லல சம்பந்தி. மெதுவா அறுங்க" என்றார். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் திட்டினேன்.

உன் கல்யாண போட்டோவில் நானும் உன் மாமனாரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அவரைக் கத்தரித்துவிட்டு என்னை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கி வாங்கினேன். பையன்கள் சாப்பிடப் போகிற மத்தியான நேரமாகப் பார்த்து, அந்தக் காகிதத்தைப் பலகையில் ஒட்டி அறுக்க உட்கார்ந்தேன். தம்பி, பலகைக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு பிளேடைத் தன் பக்கம் இழுக்கிறார்கள். என் கை கோட்டை விடாது, மரம் பிளேடை விடாது. மூக்கு ஒரு பக்கம் போய்விட்டது. கன்னத்தில் கருகிவிட்டது. நீ எப்படிச் செய்கிறாய் என்று நான் எத்தனையோ நாள் கடைக்கண்ணால் பார்த்திருக்கிறேன். மரம் இழுக்கிற பக்கம் நீ விட்டுக்கொடுத்துப் போவாய், போய்விட்டுப் படத்தை அதற்கேற்ற மாதிரி மாற்றி வரைந்துகொள்வாய். ஓரத்தில் நின்று அதைப் பார்த்து, கோடு தெரியாத பயல் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது, அது எனக்கு வராது. உன் கைமேல் எனக்கு இருந்த பொறாமை அதற்கப்புறம் இன்னும் கூடிப்போய்விட்டது. குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. டைப் பலகையில் ஒரு கோட்டை முழுக்க அறுத்துவிட்டால் உள்துண்டு கழன்று விழுந்துவிடும் என்று நடுநடுவே கொஞ்சம் அறுக்காமல் பிரிட்ஜ் விடுவோமே, அதே பழக்கத்தில் கை தானாக விட்டுக்கொண்டே போயிருக்கிறது. கண், நாசி, உதடு எல்லா இடத்திலும் பிரிட்ஜ். துண்டு விழுந்து ஓட்டை ஆனால்தானே கண்ணும் வாயும் தெரியும், விழ வேண்டிய துண்டு ஒன்றும் விழவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் மரம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, முகமெல்லாம் தையல் போட்ட மாதிரி. உளியை வைத்துத் தட்டி எடுத்திருக்கலாம். தட்டினால் மூக்கும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவிடம் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க கோவத்துல இருக்கையில இப்பிடியேதான் இருப்பீக" என்றாள். சிரித்து முடித்தவள் அதைத் தன் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். இங்கேயே இருக்கட்டுமே என்றாள். முடியாது, அதற்கு ஓர் ஆணி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

புதுசாகக் குடித்தனம் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இதுதான். பொறாமை வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடு. கல்யாணமான புதிதில் உன் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து எந்நேரமும் ஆள் வந்து கூப்பிடுவார்கள். அவளைத் தேடுகிற அந்தப் பிரசவக்காரிகள்மேல் எல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். சொல்லாமல், பசிக்கவில்லை என்று படுத்துக்கொள்வேன். அவளும் நான் வயிறு சரியில்லாத மனுஷன் என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எஸ்தருக்கும் ஒரு நாள் உன் மிஷின்மேல் எரிச்சல் வரும். சாப்பிடக் கூப்பிடுவாள், நீ இந்தக் கோட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்பாய். அவள் முகம் மாறினால் ஓமத்தைத் தேடாதே, மிஷினை அணைத்துவிட்டுப் போய் உட்கார். அவளுக்கு நீ செய்கிறதைக் காட்டு, அவள் குறை சொன்னால் சொல்லட்டும். புளியமரத் தூள் நெஞ்சில் இறங்கும், மூக்கில் துணி கட்டாமல் உட்காராதே. மாமனார் இடம் என்று உரிமையில் பனியனோடு திரியாதே.

சரி, இப்போது பொட்டலத்தைப் பிரி. பிரித்ததும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எஸ்தரையும் கூப்பிட்டுக் காட்டு. அப்புறம் அதைத் திருப்பு. வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தை நன்றாகப் பார். பிளேடு எங்கெல்லாம் சாய்ந்திருக்கிறது, எங்கே கருகியிருக்கிறது, எங்கே விடக் கூடாத இடத்தில் பிரிட்ஜ் விட்டிருக்கிறேன் என்று ஒன்று விடாமல் பார்த்துவை. ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் என் முகத்துக்கு நேரே சொல்லு, உன் மாமனார் பக்கத்தில் இருந்தாலும் சொல்லு. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதைப் பார்க்க உனக்கே சகிக்காமல் போய், நீயாக உட்கார்ந்து என் முகத்தைச் சரியாக அறுத்து மாட்டுகிற நாள் வரைக்கும் அது அந்த ஆணியில் தொங்கட்டும். அந்த நாள் வந்தால், உன்னுடையதைத் திருப்பிப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆசையாகத்தான் திருப்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிரும்போது, எதிர்ச் சுவரில் என் கோணல் மூக்கு எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா